குரங்குக் குல்லாயும் மூன்று கியர் வண்டியும்

எனக்குக் கோபம் வந்தால் சோறு இறங்காது, தூக்கம் வராது, தையல் மட்டும் நேராக வரும். தென்காசியில் என் கடைக்குத் துணி கொண்டுவருகிறவர்களுக்கு இது தெரியும். “யாக்கூப் பாய் இன்னைக்கு உர்ருன்னு இருக்காரு, நல்ல நாளு, துணியக் குடுத்துரு” என்று வாசலில் நின்று பேசிக்கொள்வார்கள். நாலு வருஷமாக என் தையல் ஒரு நூல்கூடக் கோணவில்லை. அதற்குக் காரணம் என் அண்ணன் ஒலி முகம்மது.

அந்தச் சங்கதிக்கு அப்புறம் வருகிறேன். முதலில் வண்டியைச் சொல்லிவிடுகிறேன். 1968 ரம்ஜான் பெருநாள் கழிந்த மூன்றாம் நாள் அது மதுரையிலிருந்து ரயிலில் வந்து இறங்கியது. பச்சை நிற டூரிங் சைக்கிள். டயர் ஒல்லி, ஹேண்டில்பார் கொஞ்சம் தாழ்வு, பின்னால் நீளமான கேரியர், டைனமோ விளக்கு. எல்லாவற்றுக்கும் மேலே, மூன்று கியர். ஹேண்டில்பாரில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு நெம்புகோல். ஏற்றத்துக்கு ஒன்று, சமதரைக்கு இரண்டு, காற்று முதுகில் இருந்தால் மூன்று. மூன்றாவதில் போகும்போது பின்சக்கரத்தின் நடுவிலிருந்து டிக் டிக் டிக் என்று ஒரு சத்தம் வரும். தென்காசியில் அப்போது அப்படி ஒரு வண்டி என்னிடம் மட்டும்தான் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைக்குத்தான் சொல்கிறேன்.

நாற்பத்தைந்து வயதில் உமக்கு இது தேவையா என்று கேட்காதவர் கிடையாது. நாள் பூரா மிஷினை மிதிக்கிற கால் இது, மிதித்து ஓர் அங்குலமாவது நகர்ந்ததுண்டா என்று திருப்பிக் கேட்டேன்.

கேரியரின் இரண்டு பக்கமும் தொங்கவிடக் கான்வாஸ் பை நானே தைத்தேன். தினமும் விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு ஏறுவேன். மேலகரம் தாண்டி, குற்றாலத்துக்குள் போய், பெரிய அருவிக்கு எதிரே ஒரு காலை ஊன்றி நின்று ஒரு பார்வை. பிறகு பழைய குற்றாலத்து ஏற்றம், அங்கிருந்து ஆயிரப்பேரி வழியாக இறக்கம். சாதா சைக்கிள்காரர்கள் அந்த ஏற்றத்தில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவார்கள். நான் ஒன்றாவது கியரைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்தவன் மாதிரி அவர்களுக்கு சலாமும் வணக்கமும் சொல்லியபடி ஏறிப் போவேன். அந்த நிமிஷத்தில் எனக்கு யார் மேலும் கோபம் இருக்காது.

குற்றாலத்துக் குளிர் என்றால் வெளியூர்க்காரர்கள் ஆனி, ஆடிச் சாரலைத்தான் நினைப்பார்கள். சாரல் குளிர் கொஞ்சுகிற குளிர். மார்கழி விடியலில் மலையிலிருந்து இறங்கும் பனிக்காற்று வேறு ஜாதி. மலைநாட்டுக்காரன் இதையெல்லாம் குளிர் என்று ஒத்துக்கொள்ள மாட்டான். ஒத்துக்கொள்ளாமல் போகட்டும், அவன் கைலி கட்டிக்கொண்டு இறக்கத்தில் மூன்றாவது கியரில் இறங்கிப் பார்க்கட்டும். முதல் நாள் நான் அப்படித்தான் போனேன். காது இரண்டும் கழன்று விழுந்துவிட்டதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டு வந்தேன். விரல் மரத்துப்போய் அன்று மத்தியானம் வரை ஊசியில் நூல் கோக்க முடியவில்லை.

தையல்காரன் குளிரில் நடுங்கினால் ஊர் சிரிக்கும். அன்றைக்கே உட்கார்ந்து யோசித்தேன். இலஞ்சியில் பட்டாளத்திலிருந்து வந்த ஒருவர் வீட்டில் பழைய கம்பளி ஓவர்கோட் கிடந்தது. அதை வாங்கி, செயினில் மாட்டாதபடி முழங்காலுக்கு மேலே வெட்டி, நெஞ்சில் இரட்டைப் பொத்தான் வைத்தேன். கைலிக்குப் பதில் தடித்த பேண்ட், கணுக்காலில் கிளிப்பு. கம்பளித் துண்டுகளில் கையுறை தைத்தேன். ஐந்து விரலும் தனித்தனியாக இருந்தால் குளிரும், ஒன்றாக இருந்தால் ப்ரேக் பிடிக்க வராது, அதனால் இரண்டிரண்டு விரலுக்கு ஒரு பை. தலைக்குக் கண் மட்டும் தெரிகிற குரங்குக் குல்லாய். அதன்மேல் மஃப்ளர். எல்லாவற்றையும்விட முக்கியமானது உள்ளே. பனியனுக்கும் சட்டைக்கும் நடுவே நெஞ்சை மூடி நாலு தாள் செய்திப் பேப்பர். காற்று ஊசிமுனை அளவுகூட உள்ளே வராது. ஒரே குறை, மூச்சு விட்டால் சரசரவென்று சத்தம் கேட்கும்.

இப்படி நான் வெளியே வந்த முதல் நாள் என் வீட்டுக்காரி ஷரீபுன்னிசா விளக்கைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். சோளக்காட்டில் போய் நின்றால் கூலி கொடுப்பார்கள் என்றாள். மேலகரத்தில் டீக்கடை வைத்திருக்கும் பேச்சிமுத்துவோ, பாய், பாட்டரி இருக்கிற உடம்பா, தொட்டால் ஷாக் அடிக்குமா என்று கேட்டான். கேட்டுவிட்டு அவனே அந்தக் கையுறை மாதிரி ஒரு ஜோடி தைத்துத் தரச் சொன்னான். உள்ளே வெதுவெதுவென்று இருக்கிறவனுக்குக் கோபம் வராது.

இனி அண்ணன் சங்கதி.

எங்கள் குடும்பத்தில் கல்யாணம் என்றால் நெருங்கிய சொந்தத்தை நேரில் போய்த்தான் அழைக்க வேண்டும். போய் உட்கார்ந்து, டீ குடித்து, இன்ன நாள் இன்னார் வீட்டில் நிக்காஹ், நீ வந்து முன்னால் நிற்கணும் என்று வாயால் சொல்ல வேண்டும். நாலு வருஷத்துக்கு முன்னால் அண்ணன் மகள் ஷமீம் பானுவுக்குக் கல்யாணம். ஊரில் பாதிப் பேரை அண்ணன் நேரில் போய் அழைத்தார். எனக்கு மட்டும் தன் மகனிடம் பத்திரிகையைக் கொடுத்தனுப்பினார். கூடப் பிறந்தவனை ஆள் விட்டு அழைப்பதா? நான் போகவில்லை. கல்யாணத்தன்று கடையில் உட்கார்ந்து யாருக்கோ பேண்ட் தைத்தேன். அவ்வளவு நேரான தையல் என் ஆயுசில் விழுந்ததில்லை.

அதிலே இன்னொன்றும் செய்தேன். சொல்லவே கூசுகிறது. ஷமீம் பிறந்த நாற்பதாம் நாள் போட்ட சட்டையிலிருந்து அவள் உடுத்தியதெல்லாம் என் கைத் தையல். வளர்கிற பிள்ளைகளுக்குத் தைக்கும்போது தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி அதிகமாக மடித்து விடுவேன், பிள்ளை பெருத்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். அவள் பெரியவளான பிறகும் அவளுக்கு மட்டும் அந்தப் பழக்கம் போகவில்லை. கல்யாணத்துக்கென்று அரக்குப் பட்டில் ஜாக்கெட் தைத்து, இஸ்திரி போட்டு, மடித்து வைத்திருந்தேன். பத்திரிகை வந்த அன்று அதை எடுத்து டிரங்குப் பெட்டியில் போட்டுப் பூட்டினேன். அவள் வேறு யாரோ அவசரமாகத் தைத்ததைப் போட்டுக்கொண்டு நிக்காஹுக்கு உட்கார்ந்தாள்.

மறுநாளே சேதி தெரிந்தது, அழைப்பு நாளில் அண்ணனுக்குக் காய்ச்சல், அதனால்தான் ஆள் விட்டாராம். தெரிந்ததும் கோபம் இறங்கியிருக்க வேண்டும். இறங்கவில்லை. காய்ச்சலில் கிடந்தவரைப் போய் இப்படிச் செய்துவிட்டோமே என்ற வெட்கம் அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. வெட்கத்தைச் சுமப்பதைவிடக் கோபத்தைச் சுமப்பது லேசு. நாலு வருஷம் சுமந்தேன். பள்ளிவாசலில் அவர் முன் வரிசையில் நின்றால் நான் கடைசி வரிசையில் நின்றேன்.

வண்டி வந்த சில நாளில், அண்ணன் ஹஜ்ஜுக்குப் போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. ரயிலில் மதராஸ், பம்பாய், அங்கிருந்து கப்பல். அந்தக் காலத்தில் போகிறவர்கள் மையத்துக்குச் சுற்றும் வெள்ளைத் துணியான கபனையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் கிளம்புவார்கள், திரும்பி வருவது அல்லா கையில். அண்ணனுக்கு ஐந்தாறு வருஷமாக இரைப்பு வேறு. பனிக்காலத்தில் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசினால் மூச்சு வாங்கும்.

ஹஜ்ஜுக்குக் கிளம்புகிறவர் வீடு வீடாகப் போய்ப் பொறுப்புக் கேட்க வேண்டும். தெரிந்தும் தெரியாமலும் செய்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொந்தம், அக்கம்பக்கம், கடைத்தெரு, இந்து வீடு, துலுக்க வீடு என்று பாராமல் கேட்பார். மனிதனுக்குச் செய்ததை மனிதன் பொறுத்தால்தான் ஆயிற்று, அதற்கு அல்லாவிடம் போய் நின்று பயனில்லை. கேட்கப்பட்டவர் பொறுத்தேன் என்று சொல்லிவிட்டு, நீங்களும் என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று திருப்பிக் கேட்பார். பொறுக்க மாட்டேன் என்று எவரும் சொல்லி நான் கேட்டதில்லை.

அங்கேதான் எனக்குச் சிக்கல். அண்ணன் என் வாசலில் வந்து நின்று கேட்டுவிட்டால் நான் ‘பொறுத்தேன்’ என்றுதான் சொல்லியாக வேண்டும். அது போனால் போகட்டும். அதற்கு அடுத்தது, நான் திருப்பிக் கேட்க வேண்டும். டிரங்குப் பெட்டிக்குள் கிடப்பதை வைத்துக்கொண்டு எந்த வாயால் கேட்பது?

செவ்வாய்க்கிழமை சுபுஹுக்குப் பிறகு அண்ணன் வந்தார். நான் நிஜமாகவே சைக்கிளில் போயிருந்தேன். புதன்கிழமையும் வந்தார். அன்று அவர் வருவார் என்று தெரிந்து நான் சீக்கிரமே கிளம்பியிருந்தேன். வியாழக்கிழமை அவர் கண்ணில் படாமல் வேறு பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, அப்படியே செங்கோட்டை வரை மிதித்து, நன்றாக வெயில் ஏறிய பிறகு வீடு வந்தேன். மூன்றாவது கியரை இப்படி ஒரு காரியத்துக்குச் செய்திருக்க மாட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஷரீபுன்னிசா என் முன்னால் தட்டை வைத்தாள், சோறு போடவில்லை.

“நாளைக்கு ஜும்மா தொழுதுட்டு சாயங்கால ரயிலுக்குப் போறாக. அந்த இரைப்போட மூணு நாளா நம்ம வாசப்படி ஏறி எறங்குதாக. நீங்க வண்டிய மிதிச்சுக்கிட்டு ஓடுதீக. போன எடத்துல அவுகளுக்கு ஒண்ணு ஆயிட்டா, அந்த வண்டியில ஏறி எங்கன போய்க் கேப்பீக?”

எழுந்து கை கழுவினேன். சாப்பிடாத கையை எதற்குக் கழுவினேன் என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியல். பனி என்றால் அப்படி ஒரு பனி, டைனமோ வெளிச்சம் ஹேண்டில்பாரைத் தாண்டிப் போகவில்லை. கோட்டு, குல்லாய், மஃப்ளர், கையுறை, நெஞ்சில் பேப்பர் எல்லாம் போட்டுக்கொண்டு குற்றாலம் ரோட்டில் போனேன். மனசு வண்டியில் இல்லை. மேலகரம் தாண்டி ஒரு சின்னப் பாலம் உண்டு. அதன் கட்டைச் சுவரில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். என் டிக் டிக் சத்தம் கேட்டதும் எழுந்து ரோட்டுக்கு நடுவில் வந்து கையைத் தூக்கினார். அண்ணன்.

தலையில் ஒரு துண்டு, மேலே மெல்லிசாக ஒரு போர்வை. அந்த மூச்சோடு இவ்வளவு தூரம் நடந்து வந்திருக்கிறார். ஒடித்துத் திருப்பிக்கொண்டு போக இடம் இல்லை. ப்ரேக்கைப் பிடித்தேன். பிடித்த பிறகுதான் நினைவு வந்தது, நம் முகத்தில் கண்ணைத் தவிர ஒன்றும் வெளியே தெரியாதே. இருட்டு வேறு, பனி வேறு. குல்லாய்க்கு மனசுக்குள் நன்றி சொன்னேன்.

“தம்பி, கொஞ்சம் நில்லுங்க” என்றார். “நான் ஹஜ்ஜுக்குப் போறேன். இன்னைக்குச் சாயங்காலம் ரயிலு. வழியில பாக்குதவங்க எல்லார்கிட்டயும் கேக்குதேன். தெரிஞ்சோ தெரியாமலோ ஒங்களுக்கு ஏதாவது செஞ்சிருந்தா பொறுத்துக்கிடணும்.”

குரல் காட்டிக்கொடுத்துவிடுமே என்ற பயத்தில், செங்கோட்டைப் பக்கத்து மலையாளத்துக்காரன் மாதிரி மூக்கால் பேசினேன்.

“ஓ, அதினென்ன சேட்டா. பொறுத்து, பொறுத்து.”

சந்தோஷம் என்றார். பிறகு, நடந்தது மூச்சு வாங்குகிறது, தென்காசி வரை பின்னால் ஏற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டார். குற்றாலத்தைப் பார்த்துப் போகிற வண்டியை நான் மறுபேச்சில்லாமல் திருப்பினேன். அப்போது அவர் தோள் நடுங்குவது தெரிந்தது. கோட்டைக் கழற்றி அவருக்குப் போட்டேன். கையுறையோடு பொத்தான் போட வரவில்லை, அதையும் கழற்றிவிட்டு மேலிருந்து கீழே வரை ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டேன். சிறு பிள்ளை மாதிரி கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார். கழுத்துப் பட்டையைத் தூக்கி நேராக்கினேன். அது என் தொழில் பழக்கம், கை தானாகப் போய்விட்டது.

கேரியரில் ஒருபக்கமாக உட்கார்ந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஒன்றாவது கியரில் கிளம்பினேன். கோட்டு இல்லாத உடம்பில் காற்று கத்தியாக இறங்கியது, பேப்பர் இருந்த இடம் மட்டும் தப்பித்தது. மேலகரத்தில் பேச்சிமுத்து கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவன் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, கையில் இருந்த டீயை ஆற்றாமல் நின்றான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“எனக்கு ஒரு தம்பி இருக்கான்” என்றார் அண்ணன், முதுகுக்குப் பின்னாலிருந்து. “மூணு நாளாத் தேடுதேன், ஆள் அகப்படல. அவன்கிட்டச் சொல்ல வேண்டியத ஒங்ககிட்டச் சொல்லுதேன். எங்கயாவது பாத்தா அவன்கிட்டச் சொல்லுங்க.”

நான் ஓ என்றேன்.

“மகளுக்குக் கல்யாணம் வச்சப்ப அவனை நான் நேர்ல போய் அழைக்கல. காய்ச்சல்னு சொன்னேன். காய்ச்சல் நெசந்தான். ஆனா நாலு தெரு நடக்க முடியாத காய்ச்சல் இல்ல. அன்னைக்கே சம்பந்தியப் பாக்கக் கடையநல்லூருக்குப் பஸ் ஏறிப் போயிட்டு வந்தேன். இவன் தம்பிதானே, ஆள் விட்டா வருவான்னு நெனச்சேன்.” மூச்சு வாங்க நிறுத்தினார். “காய்ச்சலுக்குப் பொறுக்க வேண்டியதில்ல. அந்தத் தம்பிதானேன்னு நெனச்சேன் பாருங்க, அதுக்குத்தான் அவன் பொறுக்கணும்.”

என் நெஞ்சில் பேப்பர் சரசரவென்று சத்தம் போட்டது. அடக்கப் பார்த்தேன், அடங்கவில்லை. அப்படியானால் நாலு வருஷமும் நியாயம் என் பக்கம்தான் இருந்திருக்கிறது. சந்தோஷப்பட வேண்டியதுதானே? ஒரு பொட்டுச் சந்தோஷம் வரவில்லை. நாலு தெரு தள்ளி இருந்துகொண்டு நாலு பெருநாள், எட்டுப் பெருநாள் போய்விட்டதே என்றுதான் இருந்தது. அழுகை வந்தது. குரங்குக் குல்லாய்க்குள் அழுவதில் ஒரு வசதி, துடைக்க வேண்டாம், கம்பளி குடித்துக்கொள்ளும்.

ஊருக்குள் நுழைந்து, கடைத்தெருவில் வளைந்து, பள்ளிவாசலுக்குப் பின்னால் மூன்றாவது வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். அண்ணன் இறங்கினார். கோட்டைச் சரி செய்துகொண்டு என்னைப் பார்த்தார்.

“வீடு எங்கன இருக்குன்னு நான் சொல்லவே இல்லையே, சேட்டா.”

ஊரில் ஒரே ஒரு வண்டி, அந்த டிக் டிக் சத்தம் ஊருக்கே தெரியும். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு முகத்தை மூடியவன் நான். குதிரை மேல் ஏறிக்கொண்டு முக்காடு போட்ட கதைதான். அண்ணன் கையை நீட்டி என் குல்லாயை மெதுவாகத் தூக்கிக் கழற்றினார்.

“எப்பலே மலையாளம் படிச்ச? சேட்டான்னா அண்ணன்தானே? நாலு வருஷம் கழிச்சு மலையாளத்துலயாவது கூப்பிட்டியே.”

கதவு திறந்தது. அண்ணன் மனைவி, என் மைனி, கையில் இரண்டு தம்ளர் டீயோடு நின்றாள். என் தலை கம்பளி உராய்ந்து முள்ளம்பன்றியாக நின்றதைப் பார்த்துச் சிரித்தாள், சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். தம்பியைக் கூட்டிக்கொண்டுதான் வருவேன் என்று சொல்லிவிட்டு அண்ணன் இருட்டில் கிளம்பினாராம், தனியாகப் போக வேண்டாம் என்று இவள் தடுத்தும் கேட்கவில்லையாம்.

டீயைக் கையில் வாங்கவில்லை. முதலில் கேட்க வேண்டியதைக் கேட்டேன். குல்லாய் இல்லாமல், மூக்கால் பேசாமல் கேட்டேன்.

“அண்ணே, நான் பொறுத்தேன். நீங்களும் என்னப் பொறுத்துக்கிடணும்.”

அண்ணன் என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் கை இன்னும் சில்லென்றுதான் இருந்தது.

“எனக்குச் செஞ்சத எப்பவோ பொறுத்துட்டேன்லே. ஷமீமுக்குச் செஞ்சத நான் எப்படிப் பொறுப்பேன்? அது அவ சொல்ல வேண்டியது. அவகிட்டப் போய்க் கேளு. வண்டிதான் வச்சிருக்கியே.”

ஷமீம் பானு கடையநல்லூரில் மாமியார் வீட்டில் இருந்தாள். இரண்டாவது பிரசவமாகி இருபது நாள்தான், நாற்பது கழியாமல் வாசல் தாண்ட முடியாது, அதனால் வாப்பாவை வழியனுப்ப வர முடியவில்லை. ஜும்மாவுக்கு முன்னால் திரும்பிவிடு, ரயிலடிக்கு என்னோடு நீ வரணும் என்றார் அண்ணன். கோட்டைக் கழற்றப் போனார். கப்பலில் காற்று அடிக்கும், வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். மக்காவில் தைத்த துணி போடக்கூடாது, இரண்டு வெள்ளைத் துணிதான், அங்கே தையல்காரனுக்கு வேலையே கிடையாது. அதுவரைக்குமாவது என் தையல் அவர் உடம்பில் இருக்கட்டும் என்று தோன்றியது.

வீட்டுக்கு ஓடினேன். நான் வாயைத் திறக்குமுன்பே ஷரீபுன்னிசாவுக்கு என் முகத்தில் எல்லாம் தெரிந்துவிட்டது. டிரங்குப் பெட்டியின் சாவியைக் கேட்டு வாங்கி, அடியில் கிடந்த ஜாக்கெட்டை எடுத்து, தட்டி, வெள்ளைத் துணியில் சுற்றிக் கான்வாஸ் பையில் வைத்தாள். நேற்றைய சோற்றைத் தண்ணீர் ஊற்றி வைத்திருந்தாள், நின்றுகொண்டே குடிக்கச் சொன்னாள். நாலு நாளைக்குப் பிறகு அன்றுதான் சோறு இறங்கியது.

கடையநல்லூர் பதினோரு மைல். வண்டி வந்த பிறகு அவ்வளவு நேரான நீளமான ரோட்டில் நான் போனதில்லை. இடைகால் வருவதற்குள் பனி கலைந்தது. இடது கைப்பக்கம் மலை முழுசாக எழுந்து நின்றது. மஃப்ளரைக் கழற்றிப் பையில் போட்டேன், நயினாரகரத்தில் கையுறையைக் கழற்றினேன், கடைசியில் ஒரு ஆலமரத்தடியில் நின்று நெஞ்சில் இருந்த பேப்பரையும் உருவி எடுத்தேன். வேர்வையில் நனைந்து எழுத்தெல்லாம் பனியனில் ஒட்டியிருந்தது. மூன்றாவது கியரில் போட்டேன். தப்பித்து ஓடும்போது கேட்ட அதே டிக் டிக் சத்தம்தான், இப்போது அது காதுக்கு நன்றாக இருந்தது.

ஷமீமின் மாமியார் என்னை உட்காரச் சொல்லிவிட்டு உள்ளே போய்ச் சொன்னாள். ஷமீம் பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தடித்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. நான் வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்த வார்த்தை ஒன்றும் வாயில் வரவில்லை. எழுந்து நின்று, நீ பொறுத்துக்கிடணும் என்று மட்டும் சொன்னேன்.

“பொறுத்தேன் சாச்சா” என்றாள் உடனே.

அவ்வளவு சீக்கிரம் சொன்னது எனக்கு என்னவோ போல் இருந்தது. பையிலிருந்து ஜாக்கெட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தேன். பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு வாங்கினாள். துணியைப் பிரித்து, அரக்குப் பட்டை விரலால் தடவினாள்.

“அன்னைக்குப் போட்டது கை பிடிச்சிச்சு, சாச்சா” என்றாள். “நாள் பூரா கையத் தூக்க முடியல. யாரு வந்து கையப் பிடிச்சாலும் ஒங்களத்தான் நெனச்சேன்.”

நாலு வருஷத்தில் யாரும் என்னை இப்படி அடித்ததில்லை. அவள் ஜாக்கெட்டைத் தன் தோளில் வைத்து அளந்து பார்த்துவிட்டு, ரெண்டு பிள்ளை பெற்றாயிற்று, இனி இது எனக்கு எங்கே காணும் என்று திருப்பி நீட்டினாள்.

வாங்கி உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டினேன். கையிலும் பக்கத்திலும் தையலுக்கு உள்ளே இரண்டு விரல் துணி மடித்தபடியே இருந்தது.

“காணும்” என்றேன். “ஒரு பிளேடு மட்டும் குடு தாயி.”